வெனிஸ் கடிதங்களில் நான் வெட்டியவை

ஒரு பெண் கெட்டவளாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அவள் எழுதிய கடிதங்களில் பாதியை வெட்டிவிட்டு மீதியை அச்சிட்டேன். அந்தப் பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த எழுத்தாளர். அவருக்கு அதனால் எந்தக் கெடுதியும் இல்லை. அடிபட்டது என் மனைவி.

அப்போது சுவிஸில், ஃப்ரிபூர்க் நகரத்தில் இரண்டு அறை வீடொன்றில் இருந்தோம். அகதிகளுக்கான பிரெஞ்சு வகுப்புக்கு இருவரும் போனோம். பட்டதாரியான நான் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஆசிரியையோடு பகிடி விட்டுக்கொண்டிருந்தாள். நகர நூலகத்திலிருந்து அந்தக் கடிதங்கள் அடங்கிய தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஒரு கவிஞரும், அவரைவிட ஆறு வயது மூத்த நாவலாசிரியையும் காதலித்து, சண்டை பிடித்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி பிரிந்த காலத்தில் ஒருவருக்கொருவரும் மற்றவர்களுக்கும் எழுதிய கடிதங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குசினி மேசையில் உட்காருவோம். சோறு வடித்த ஆவி யன்னல் கண்ணாடியில் இன்னும் இருக்கும். அவள் பிரெஞ்சைப் பார்த்துத் தமிழில் சொல்லிச் சொல்லிக் கொப்பியில் எழுதுவாள். நான் ஒரு சொல்லை மாற்றச் சொல்வேன். அவள் பெரும்பாலும் மாற்றமாட்டாள். ஒரே ஊரில் இருந்துகொண்டே அந்த இருவரும் ஓயாமல் கடிதம் எழுதியதைப் பார்த்து, "இவைக்கு வேறை வேலை இல்லையோ? நாலு மாடி துடைச்சுப்போட்டு வந்தா எனக்குச் சண்டை பிடிக்கவும் சீவன் இல்லை" என்றாள். என் வாழ்க்கையில் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று நான் ஏங்குவது அந்த மேசைதான்.

வெனிஸில் நடந்ததுதான் அந்தக் காதலின் நடுப்பகுதி. அங்கே முதலில் நாவலாசிரியை நோயில் விழுந்தார். கவிஞர் அவரை விட்டுவிட்டு ஊர் சுற்றினார். பிறகு கவிஞர் காய்ச்சல் கண்டு பிதற்றத் தொடங்கினார். நாவலாசிரியை வாரக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தார். கவிஞரைப் பார்க்க வந்த மருத்துவரின் மேல் நாவலாசிரியைக்கு விருப்பம் உண்டானதும் அங்கேதான்.

அந்தப் பகுதியை அவள் எழுதி முடித்த குளிர்காலத்தில் எனக்குக் காசநோய் என்று கண்டுபிடித்தார்கள். துப்புரவு வேலை முடிந்த கையோடு தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாய்க்கு மறைப்புக் கட்டிக்கொண்டு சூப் பருக்கினாள். சுகமானதும் நான் செய்தது என்ன? அவள் பேர்ணில் தாதி உதவியாளர் பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ரயிலில் அவளோடு யார் இறங்குகிறார் என்று பார்க்க நிலையத்தில் ஒளிந்து நின்றேன். ஒருநாளும் யாரும் இறங்கவில்லை. ஆனாலும் வீட்டில் கோப்பைகளை உடைத்தேன். ஒரு சனிக்கிழமை அவள், "உங்களுக்குச் சுகம் வந்திட்டுது. இனி நான் போறன்" என்று சொல்லிவிட்டு, பேர்ணுக்குப் பக்கத்திலிருக்கும் ஓஸ்டர்முண்டிகனுக்குப் போனாள். கொப்பி என்னிடம் இருந்தது.

அதிலிருந்துதான் ஒரு மாத இதழுக்குத் தொடர் எடுத்துக் கொடுத்தேன். நம்மவர்கள் நடத்திய இதழ் அது. சூரிச்சில் தமிழ்க் கடைகளில் வீடியோக் கசெட்டுகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். நோயாளியைப் பார்த்துக்கொண்ட கடிதங்களை எல்லாம் நீக்கினேன். மருத்துவர் மேலிருந்த விருப்பத்தைச் சொல்லும் கடிதங்களை விட்டுவைத்தேன். கடைசியில், இப்படியானவர்கள் நம்மிடையேயும் உண்டு என்று ஒரு வரி சேர்த்தேன். யாரைச் சொல்கிறேன் என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஒரு கலியாண வீட்டில் பந்தியில் வைத்து ஒருத்தி அவளிடம், "டொக்டர் சுகமோ?" என்று கேட்டாளாம். அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். அதன்பிறகு நெடுங்காலம் நம்மவர் விழாக்கள் எதற்கும் வரவில்லை.

போன வருடம் ஒரு பதிப்பாளர் அந்தத் தொடரைப் புத்தகமாக்கக் கேட்டார். வெட்டியவற்றையும் சேர்ப்பதானால் சம்மதம் என்றேன். நீண்ட முன்னுரை எழுதினேன். என் குற்றத்தைச் சொல்லி, அந்த நாவலாசிரியை ஒரு பிழையும் அறியாதவர், என் மனைவியும் அப்படியே என்று முடித்தேன். எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பினேன். ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள்.

"முந்தி என்னைப் பேயாக்கினீங்கள். இப்ப தெய்வமாக்கிறீங்கள்" என்றாள். "அந்த மனுசி டொக்டரை விரும்பினவதானே. அதை ஏன் மழுப்புறீங்கள்?"

"நீர் அப்பிடி ஒண்டும் செய்யேல்லையே" என்றேன்.



"நீங்கள் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையே போறதெண்டு முடிவெடுத்திட்டன். சுகம் வரட்டும் எண்டுதான் இருந்தனான். எழுதிறதெண்டா அதையும் எழுதுங்கோ."

அந்த சூப்பை நினைத்துக்கொண்டு தொலைபேசியைப் பிடித்தபடி நின்றேன். போவதென்று தீர்மானித்த பிறகும் ஒருத்தி தினமும் வந்திருக்கிறாள். முன்னுரையை எடுத்துவிடுகிறேன் என்றேன். மொழிபெயர்ப்பாளராகத் தன் பெயர், தகப்பன் பெயரோடு, வர வேண்டும் என்றாள். வெளியீட்டுக்கு நான் வரக் கூடாது என்றும் சொன்னாள். இரண்டுக்கும் ஓம் என்றேன்.

பேர்ணில் நடந்த வெளியீட்டுக்குப் போன நண்பர் பிறகு அழைத்துச் சொன்னார். நோயாளிக்குப் பணிவிடை செய்த கடிதத்தையும் மருத்துவருக்கு எழுதியதையும் அவள் அடுத்தடுத்து வாசித்தாளாம். அந்தப் பிரெஞ்சுக்காரி செய்தது சரியா பிழையா என்று சனம் வெகுநேரம் வாதாடியதாம். அவளும் விடாமல் வாதாடினாளாம். அவளுடைய சொந்தக் கதையை யாரும் எடுக்கவில்லையாம்.

அது எனக்குப் போதும் என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று பின்னேரம் முழுவதும் ஃப்ரிபூர்க்கில் தனியே இருந்தேன். அவள் வாசிக்கும் குரலை ஒருமுறை கேட்டால் நன்றாயிருக்கும் என்ற நினைப்பு என்னை விடவேயில்லை.