சித்தப்பா கங்காணியானது

எங்கள் சித்தப்பாவுக்குச் சத்தமாகப் பேச வராது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் சுவரோடு ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கே அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது. கோபம் வந்தால் மூக்கைத் தேய்த்துக்கொள்வார். அதற்கு மேல் அவரிடம் கோபம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. கங்காணி என்றால் பிரம்பும் வசவும்தான் என்றிருந்த காலத்தில் இப்படிப்பட்டவர் கங்காணி ஆனார்.

குலசேகரத்துக்கு மேலே, மலையை ஒட்டி, ஒரு வெள்ளைக்கார துரையின் ரப்பர் தோட்டம். நான் நடக்கத் தொடங்குமுன்பே அப்பா மலைக்காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் நானும் சித்தப்பாவை நம்பித்தான் இருந்தோம். அவர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் மரத்தைக் கீறிவிட்டு, சிரட்டையில் வடிந்த பாலை வெயில் ஏறுவதற்குள் வாளியில் சேர்த்து, அளக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தாமதித்தால் பால் உறைந்துவிடும். அதனால் கொட்டகை வாசலில் தினமும் தள்ளுமுள்ளு, தாயைப் பிள்ளையை இழுத்து ஏச்சு. சித்தப்பா மட்டும் வாளியோடு ஓரமாக நின்று, "நீங்க போங்க, நான் பொறவு வாறேன்" என்பார். அவர் பால் எத்தனையோ நாள் உறைந்து வீணாகியிருக்கிறது. ஆனால் அவர் அப்படி நிற்கும்போது முண்டியடிக்க மற்றவர்களுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். மெல்ல வரிசை ஒன்று உண்டாகிவிடும்.

யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருவரும் வந்து சொல்ல வேண்டாம். காலையில் ஒரு வீட்டுக் கூரையில் புகை எழவில்லை என்றால், தன் மரங்களை முடித்த கையோடு அந்த வீட்டுக்காரனின் மரங்களையும் வெட்டிவிட்டு வருவார். அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். அம்மா மட்டும், "ஊருக்கெல்லாம் வெட்டிட்டு வந்தாச்சா?" என்று கிண்டல் செய்வாள்.

பழைய கங்காணி ஒருநாள், காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஒருத்தியைப் பிரம்பால் அடித்துவிட்டார். ஆட்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். துரை வந்து, பின்னே யார்தான் வேண்டும் உங்களுக்கு என்று கணக்கெழுதும் ரைட்டரை விட்டுக் கேட்டார். எல்லாக் கையும் சித்தப்பா இருந்த பக்கம் நீண்டது. அவர் அப்போது கூட்டத்துக்குப் பின்னால், அடிபட்டவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். தன்னைத்தான் காட்டுகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

தோள் இறங்கித் தொங்கும் ஒரு காக்கிக் கோட்டும் கறுப்புக் குடையும் கொடுத்தார்கள். அன்று லயம் முழுக்க வயணை இலையில் அப்பம் அவிந்தது. என் சிநேகிதி தங்கத்தின் அப்பா, சித்தப்பாவுக்குச் சிறு வயதுக் கூட்டாளி, அவரை அலாக்காகத் தூக்கிச் சுற்றினார். தங்கள் ஆளே கங்காணியாகிவிட்டான், இனி ஒரு குறையும் வராது என்று அவர்கள் நம்பினார்கள். கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தது. கொட்டகையில் முறை வைத்து அளந்தார். சண்டை நின்றது, பாலும் கூடியது. துரைக்கு அவர்மேல் ரொம்பப் பிரியம்.

அப்புறம் சீமையில் ரப்பருக்கு விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு தோட்டத்தில் கல்லெறி நடந்து போலீஸ் வந்ததாகப் பேச்சு. எங்கள் துரை சித்தப்பாவைக் கூப்பிட்டு, பாதிப் பேர் போக வேண்டும், யார் யார் என்று நீயே பார்த்துக்கொள், ஆனால் ஒரு சத்தம் வரக்கூடாது என்றாராம்.

சித்தப்பா அதை அம்மாவிடம் அடுப்படி வாசலில் நின்று சொன்னார். "மாட்டேன்னா பழைய ஆளைத் திரும்ப வைப்பாராம் மைனி. அவன் பிள்ளைத்தாச்சியளத்தான் மொதல்ல அனுப்புவான்." அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை, செய் என்று சொல்லவும் முடியவில்லை.

மத்தியானங்களில் சித்தப்பா லயத்து வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். போகும்போது, "மக்கா, வாறியா?" என்று என்னையும் கூட்டிக்கொள்வார். எனக்கு அது பெரிய கௌரவம். கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதென்றால் சும்மாவா. போன வீட்டில் கருப்பட்டிக் காப்பி தருவார்கள். சித்தப்பா கால்வலியை விசாரிப்பார், ஊரிலிருக்கும் தகப்பனை விசாரிப்பார். பிறகு பேச்சு நின்றுபோகும். காப்பி ஆறிக்கொண்டிருக்கும். கடைசியில் அந்த வீட்டுக்காரர்களே, "நீ சொல்லாண்டாம் மக்கா. எங்களுக்கு மனசிலாச்சு" என்பார்கள். சில வீட்டில் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டிலும் ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும்.

போகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். கோழி, ஆட்டுக்குட்டி, அம்மி, ஒரு மண்தொட்டித் துளசி. சித்தப்பா கங்காணியாகிவிட்டதால்தான் எல்லோரும் எங்களுக்குச் சாமான் தருகிறார்கள் என்று நான் நினைத்தேன். தலைச்சுமையோடும் இடுப்புப் பிள்ளையோடும் மலையிறங்கி, தோவாளைப் பக்கம் அறுப்பு வேலை தேடி நடக்கிறவர்கள் அம்மியைச் சுமக்க முடியாது என்பது எனக்கு எங்கே தெரியும். வீட்டுப் பின்புறம் கோழிகளால் நிறைந்தது. அந்த நாட்களில் சித்தப்பா வட்டிலில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். அம்மா அதை அள்ளிக் கோழிகளுக்குப் போடுவாள்.

தங்கத்தின் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனோம். சித்தப்பா வாசலிலேயே நின்றார், உட்காரவில்லை. தங்கத்தின் அப்பா உள்ளேயிருந்து எங்களைப் பார்த்தார். பாயைச் சுருட்டத் தொடங்கினார். பிறகு வெளியே வந்து, "நீ வெசனப்படாத. வேற எவன் வந்திருந்தாலும் இத்தன நாளுகூட இங்க நின்னிருக்க மாட்டோம்" என்றார். தங்கத்தின் அம்மா அடைக்கிருந்த கோழியைக் கூடையோடு என் கையில் கொடுத்தாள். குஞ்சு பொரிக்கப்போகிறது என்ற குதூகலத்தில் நான் தங்கத்திடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

பாதி லயம் காலியாகியும் ஒரு கல் விழவில்லை. துரை மெச்சிப்போனார். சித்தப்பாவைப் பெரிய கங்காணி ஆக்கினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்துத் துரை இவருக்குச் சிநேகிதர். அங்கேயும் ஆட்களை நிறுத்த வேண்டியிருந்தது. இப்படி ஒரு கைகாரன் எங்களிடம் இருக்கிறான் என்று இவர் பெருமையாகச் சொல்ல, அவர் இரவல் கேட்டிருக்கிறார்.

புறப்படும் அன்று காலையில் சித்தப்பா வழக்கம்போல, "மக்கா, வாறியா?" என்றார். நான் பாவாடை மாற்ற ஓடினேன். அம்மா என் கையை எட்டிப் பிடித்தாள்.

"இவ வரமாட்டா தம்பி. சின்னப்பிள்ள நிக்கம்ப எவளும் வாயத் தொறந்து ஏச மாட்டா. அதுக்குத்தானே இவளக் கொண்டு போறிய?"

இல்லை என்று சித்தப்பா சொல்வார் என அம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும், சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனார். நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மாவைப் போல் பொல்லாத ஒருத்தி உலகத்தில் இல்லை என்று அன்று முடிவு செய்தேன்.

சாயந்திரம் திரும்பி வந்தார். புருவம் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. கோட்டின் ஒரு கை பிய்ந்து தொங்கியது. குடையைக் காணவில்லை. அம்மா பதறிப்போய் மஞ்சளை அரைத்துக் காயத்தில் பற்றுப் போட்டாள்.

"நல்லா ஏசினாவ மைனி" என்றார் சித்தப்பா. "மண்ண வாரித் தூத்தினாவ. நீயெல்லாம் ஒரு மனுசனாலேன்னு ஒரு கெழவன் காறித் துப்பினான்." முறையிடுகிறவர் குரலாக அது இல்லை. பெரிய காய்ச்சல் விட்டு எழுந்தவரைப்போல இருந்தார். "சோறு இருக்கா?" என்று கேட்டார்.

சோறு இல்லை, மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும்தான் இருந்தது. சித்தப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். தீர்ந்ததும் இன்னும் வைக்கச் சொன்னார். அம்மா மறுபடியும் வைத்தாள், வைக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. அடி வாங்கிவந்த மனிதருக்கு எப்படி இவ்வளவு பசி, அவர் நன்றாகச் சாப்பிடுவதைப் பார்த்து அம்மா எதற்காக அழுகிறாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் எனக்கு மிஞ்சுமா என்றுதான் பானையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.