ஏரிமேல் எடுத்த படம்

வடதுருவத்தை ஒட்டிய காரஸ்யோக் ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுப்பவள் ராவ்னா. சூரியன் தலைகாட்டாத மாதங்களில், வேலை முடிந்ததும் வடதுருவ ஒளியைப் படம் பிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அன்று மாலை நாலு மணிக்கே வானம் பச்சையாக ஆடத் தொடங்கியது. கணவன் ஆந்தேயை உறைந்த ஏரிமேல் நிறுத்திவிட்டு, கேமராவை ஸ்டாண்டில் மாட்டினாள்.

"இருபது செகண்டு அசையாம நில்லு."

அவன் வானத்தைப் பார்த்துச் சீட்டியடித்தான்.

"ஏய், அதப் பாத்துச் சீட்டியடிக்காத! அந்த ஒளி ஆளத் தூக்கிட்டுப் போயிடும்னு சொல்லுவாங்க."

"என்னையா? தொண்ணூறு கிலோடி நான்!"

சிரித்துவிட்டு அசையாமல் நின்றான். ஒளி சத்தமில்லாமல் தாழ இறங்கியது. கூட வந்த நாய் பனியோடு பனியாகப் படுத்துக்கொண்டது. ராவ்னா அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

படத்தில் ஏரி இருந்தது. அவன் நடந்துபோன காலடித் தடமும் இருந்தது. தடம் முடிந்த இடத்தில் ஆள் இல்லை.

"எப்படி வந்திருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டே ஆந்தே நடந்து வந்தான்.

"கை பட்டு ஆடிடுச்சு" என்று சொல்லி அதை அழித்தாள்.

அதன்பிறகு பதினாறு வருஷம் அவன் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அவன் வீடு திரும்பும்போதெல்லாம், ராவ்னா முதலில் அவன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.