"ஆகட்டுங்க" சொல்லும் முன்

வாசகர்களே, நீங்களே சாட்சியாக இருங்கள். 'கருவியைவிட நினைவாற்றலே பெரிது' என்று கோவை மேடையில் வாதாடி வென்றவன் நான். கட்டுரையோ புகைப்படமோ, யார் வேலை தந்தாலும் "ஆகட்டுங்க" என்று ஏற்று மனத்தில் மட்டுமே குறித்துக்கொள்வேன்.

வென்ற மறுநாள் காலை, பவானியில் ஜமக்காள நெசவாளர்களைப் பேட்டி கண்டுகொண்டிருந்தேன். தாராபுரத்தில் நான் படமெடுக்க ஏற்றிருந்த கல்யாண வீட்டிலிருந்து மணப்பெண்ணின் அண்ணன் அழைத்தார்.

"ஏனுங்க, முகூர்த்தம் நெருங்கிருச்சு. இன்னும் உங்களைக் காணமுங்க."

இரண்டையும் ஒரே நாளுக்கு ஏற்றிருந்தேன். அந்த வீட்டில் இன்னொரு முகூர்த்தம் வராது. மேடையில் நான் தோற்கடித்த கவிதா தாராபுரத்துக்காரர். அவரும் புகைப்படக் கலைஞர். அவரைக் கைபேசியில் அழைத்து, எனக்குப் பதிலாகப் போகும்படி கெஞ்சினேன்.

"நேத்துப் பேசுன நினைவாற்றலெல்லாம் எங்க போச்சுங்க?" என்று சிரித்தவர், கேமராவோடு விரைந்தார். தாலி கட்டும் படம் கிடைத்துவிட்டது.

மாலையில் நன்றி சொல்லப் போனேன். மேடையில் நான் கேலி செய்த அதே டேட்டாபேஸ் மென்பொருளை என் கைபேசியில் நிறுவித் தந்தார். வேலையையும் நாளையும் பதிந்தால், இரண்டு மோதும் நாளைச் சிவப்பில் காட்டிவிடும். எந்தக் கைதட்டலும் எனக்கு இவ்வளவு நிம்மதி தந்ததில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி வாதாடலாமுங்களா?" என்றார்.

பழகிய சொல் நுனிநாக்கு வரை வந்தது. கைபேசியைத் திறந்தபடி உரக்கச் சொன்னேன்:

"பார்த்துச் சொல்றேனுங்க. இனிமே யாருக்கும் இதைப் பார்த்துப்போட்டுத்தான் ஆகட்டும்பேன்."