ஏழாவது தடவை விழுந்த கை

எண்ணூர் நெடுஞ்சாலையோரம் முழங்கால் அளவு கழிவுநீர் தேங்கிய பள்ளத்தில் கல்லும் மண்ணும் கொட்டி லேத் பட்டறை போட்டவன் நான். பேங்க் மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லாத காலத்தில் இரண்டாவது மெஷினை இறக்கினேன். திருவொற்றியூரில் மாடி வீடு கட்டினேன். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு. என் தங்கை புருஷனுக்கு ஊன பென்ஷன் வாங்கிக் கொடுத்ததும் இந்தக் கணக்கில் வரும். அதை அவருடைய தொழிற்சங்கத்தார் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

மச்சான் கன்டெய்னர் யார்டில் மூட்டை ஏற்றுபவர். கிரேன் சங்கிலி அறுந்து அவர் வலது தோளில் விழுந்தது. அதன்பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. தங்கை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். தொழிலாளர் காப்பீட்டில் பென்ஷன் கேட்டோம். மருத்துவ வாரியத்துக்குக் கூப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆபீசர் முன்னால் கூனிக் குறுகி நிற்பது கேவலம். மச்சானுக்குச் சவரம் செய்வித்து, கஞ்சி போட்ட சட்டை மாட்டிவிட்டேன். “கெத்தா நில்லு மச்சான். அழுதுகினு நின்னா பிச்சைக்காரன்னு நெனைச்சுக்குவாங்க” என்றேன்.

டாக்டர் பைலிலிருந்து தலையைத் தூக்காமலே, “கையைத் தூக்குங்க” என்றார். மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகத் தூக்கினார். டாக்டரின் டீ ஆறுவதற்குள் பரிசோதனை முடிந்துவிட்டது. பிறகு கடிதம் வந்தது: கை இயல்பாக அசைகிறது, சம்பாதிக்கும் திறனில் இழப்பு இல்லை, மனு நிராகரிக்கப்படுகிறது.

“உன் கெத்து சோறு போடுமாண்ணா?” என்று தங்கை கேட்டாள்.

மேல்முறையீட்டுப் படிவம் வாங்கப் போனேன். ஐந்து பிரதி, ஐந்திலும் மனுதாரர் கையெழுத்து.

“கை வரலன்னுதான் சார் மனுவே.”

“அப்போ கை வரலைன்னு சர்டிபிகேட் கொண்டாங்க பெரியவரே” என்றார் ஜன்னல்காரர்.

“அது இருந்தா நான் இன்னாத்துக்கு சார் இங்க வரேன்?”

அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரம்மாவிடம் மச்சானைக் கூட்டிப்போனேன். “ஒரு தபா சுத்த வுட்டா எந்த மெஷினும் நல்லாத்தான் கீதும்மா. ஒரு ஷிப்டு ஓட்டினாதான் சூடாவறது தெரியும். மூட்டை தூக்கறவன் நாள் முச்சூடும் தூக்கணும்மா” என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். பிறகு மச்சானைத் திரும்பத் திரும்பத் தூக்கச் சொல்லி எண்ணினார். ஏழாவது தடவை கை பாதியில் விழுந்தது. விபத்துக்குப் பின் முதன்முறையாக மச்சான் வாய்விட்டு, “வலிக்குதும்மா” என்றார்.

நரம்புப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. விபத்தால் நரம்பு சேதம். தொடர்ந்து பாரம் தூக்கும் வேலை இனி முடியாது. மேல்முறையீட்டில் அதைப் படித்தவர்கள் மச்சானைக் கை தூக்கச் சொல்லவே இல்லை. பென்ஷன் வந்துவிட்டது. தங்கை ஐஸ் உடைப்பதை விட்டாள்.

சங்கத்து போர்டில் ‘வக்கீலின் வாதத்தால் வெற்றி’ என்று எழுதியிருந்தார்கள். மேல்முறையீட்டு விசாரணையில் சங்கம் அனுப்பிய வக்கீல் பேசியது “வணக்கம் ஐயா” மட்டும்தான். என் பேர் எங்கே என்று சங்கச் செயலாளரிடம் கேட்டேன்.

“மொதல்ல கோட்டை வுட்டதே நீதானே மாமு?”

ஆமாம், நான்தான். தோற்றதும் என் யோசனை, ஜெயித்ததும் என் யோசனை, இரண்டையும் எழுதட்டும். போர்டில் டாக்டரம்மா பேர் முதலில் இருக்கட்டும், நியாயம். வக்கீலுக்கு மேலே ஒரு வரி எனக்கு வேண்டும்.