மொரிதா சான் விரும்பிக் கேட்ட பாட்டு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செடெனாக்கில் குடியிருந்த தனலெட்சுமிக்கு ஜப்பானிய மொழியில் பதினோரு பாட்டுகள் பாடத் தெரியும். ஒன்றுக்குக்கூட அர்த்தம் தெரியாது.

பக்கத்து ஊரான கூலாயில், குளிரூட்டும் ஏர்கோனுக்குள் போகும் வயர்களைக் கட்டும் ஜப்பான்காரத் தொழிற்சாலை ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். கை வேலை செய்ய வாய் தமிழ்ப் பாட்டு முணுமுணுக்கும். ஒருநாள் அந்த வழியாக வந்த மேலாளர் மொரிதா, அவள் பின்னால் நின்று பாட்டு முடியும் வரை கேட்டுவிட்டுப் போனார். திட்டு விழப்போகிறதென்று லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் பயந்தார்கள். மறுவாரம் அவர் ஒரு சிடியைக் கொடுத்து, வருஷக் கடைசி விருந்தில் அதிலுள்ள பாட்டைப் பாட முடியுமா என்று கேட்டார். அது 2008.

அலுவலகத்தில் ஒரு பெண் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். தனலெட்சுமி அதைத் தமிழில் எழுதிக்கொண்டாள். தமிழில் ஒரே ‘க’தான் இருக்கிறது. அழுத்திச் சொல்லவேண்டிய இடங்களில் எழுத்துக்கடியில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தாள். மூன்று மாதம் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் பாடிப் பார்த்தாள். அடிக்கு ஒரு தரம் ‘அனாத்தா’ என்று ஒரு சொல் வந்தது. லைன் பெண்கள் அதை அனாதைப் பாட்டு என்று கேலி செய்தார்கள்.

விருந்தன்று அவள் பாடி முடித்தபோது மொரிதாவின் கன்னம் நனைந்திருந்தது. எழுந்து, இடுப்பு வளைய வணங்கினார். பாவம், ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு வருஷம் தவறாமல் அவள் பாடினாள். புதிதாக எத்தனை கற்றுக்கொண்டாலும் கடைசியில் அவர் அந்த முதல் பாட்டைத்தான் கேட்பார்.

அவள் கணவன் வசந்தனுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. சிங்கப்பூரில் லோரி ஓட்டினான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், பொழுது சாய்ந்து திரும்புவான். அவள் பாடிய வீடியோவைக் கூட்டாளிகளுக்குக் காட்டி, “என் ஜப்பான்காரியைப் பாருங்கடா” என்பான். அவன் அக்கா மகன் கல்யாண விருந்திலும் அவளை மேடையேற்றி அதே பாட்டைப் பாட வைத்தான். மணமக்கள் கைதட்டினார்கள்.

2020 மார்ச்சில், கொரோனா பரவியதால் எல்லையை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. வேலையை விட்டுவிட முடியாது. வசந்தன் இரண்டு சட்டை, ஒரு கைலி, சார்ஜர் இவற்றைப் பையில் போட்டுக்கொண்டான்.

“ரெண்டு வாரந்தான் லெட்சுமி. வந்துருவேன் லா.”

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. தினமும் கூப்பிட்டான். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருப்பதாகவும், சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்றும் சொன்னான். அந்த ஆகஸ்ட்டில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துபோக அனுமதி கிடைத்தது. அவனைப்போலவே அங்கே வேலை பார்த்த அடுத்த வீட்டு அய்யாவு வந்தார். தனிமையில் இருந்து, வீட்டாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வசந்தன் வரவில்லை. முதலாளி விடமாட்டேன் என்கிறார் என்றான். அடுத்த தடவை, தடுப்பூசி போடவேண்டும் என்றான். தினசரி வந்த அழைப்பு வாரத்துக்கு ஒன்றானது. மறுவருஷம் அவனுக்கே நோய் கண்டு பத்து நாள் படுத்திருந்தான். அந்தப் பத்து நாளும் தனலெட்சுமி போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அவன் மூன்று முறைதான் எடுத்தான்.

2022 தொடக்கத்தில் ஷரோன் என்ற பெண் தொழிற்சாலைக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தாள். ஜொகூரிலேயே பாலோவில் பிறந்து, ஜப்பானில் நாலு வருஷம் படித்துவிட்டு வந்த தமிழ்ப்பெண். ஒருநாள் கேன்டீனில் தனலெட்சுமி அவளிடம் பாட்டை மெல்லப் பாடிக் காட்டி அர்த்தம் கேட்டாள்.

ஷரோன் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஆண்ட்டி, இதை எங்கெல்லாம் பாடுனீங்க?”

“விருந்துல. அப்புறம் ஒரு கல்யாணத்துல.”

“அலமாக்! கல்யாணத்துலயா?”

“ஏம்மா, கெட்ட வார்த்தையா?”

“கெட்ட வார்த்தை இல்ல. ஒரு பொம்பளை புருஷனை நினைச்சுப் பாடுறா. அவர் திரும்பி வரல. அவரோட பல்லு பிரஷ் குளியலறையில காஞ்சு கெடக்குது, ரெண்டு பேருக்குன்னு அரிசி களைஞ்சிட்டு நிக்கிறேன்னு சொல்றா. கடைசியில, புதுசா வந்தவளோட நீங்க நல்லா இருங்கன்னு முடியுது.”

“அனாத்தான்னா?”

“‘நீங்க’ன்னு அர்த்தம். பொண்டாட்டி புருஷனைக் கூப்பிடுறது.”

தனலெட்சுமி சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்து, கல்யாண வீட்டுக் கதையை லைனில் எல்லாரிடமும் சொன்னாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் திறந்தாள். வசந்தனின் நீல பிரஷ் குவளையில் இருந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் நனைத்து வைத்தாள். பிறகு, இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் முதல் தேதி எல்லை திறந்தது. மகள் ஷர்மினி உலு திராமில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். அவள் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் எல்லையிலிருந்த ஜொகூர் பாருவுக்குப் போய்க் காத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. ஒரு சீனக் கிழவர் தன் பேரப்பிள்ளையை அடையாளம் தெரியாமல் விழித்தார். பிள்ளைகள் அழுதார்கள், பெரியவர்கள் அதைவிட அழுதார்கள். மத்தியானம் வசந்தன் போன் செய்தான்.

“இந்த வாரம் முடியாது லெட்சுமி. லோரிக்கு ஆளில்ல.”

ஷர்மினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். தோளில் பையில்லை. நாற்காலி நுனியில், வேற்றுவீட்டுக்கு வந்தவன்போல உட்கார்ந்தான். அவள் தேநீர் வைத்தாள். அவன் தொடவில்லை.

“அங்க ஒருத்தவங்க இருக்காங்க. கேன்டீன்ல வேலை. அவங்களும் இந்தப் பக்கத்து ஆளுதான், அங்கேயே மாட்டிக்கிட்டாங்க. நான் வேணும்னு செய்யல லெட்சுமி.”

அவள் மனத்தில் நூறு கேள்விகள் முட்டிக்கொண்டு நின்றன. வாயில் வந்தது ஒன்றுதான்.

“உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி யாரு வச்சுக் குடுத்தா?”

“அவங்கதான்.”

அதற்குமேல் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை. கஞ்சி வைத்தவளை எப்படித் திட்டுவது?

போகும்போது வாசலில் நின்று, “நீ நல்லா இருக்கணும்” என்றான். அவன் தலை தெருமுனையில் மறைந்த பிறகு தேநீரைக் கழுவுதொட்டியில் கொட்டினாள். பிறகு அந்த நீல பிரஷைக் குப்பையில் போட்டாள்.

இரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு, வருஷக் கடைசிவரை காத்திராமல் ஆகஸ்ட்டிலேயே விருந்து நடந்தது. மொரிதா ஓய்வு பெறுகிறார், இதுவே அவருக்குக் கடைசி விருந்து. அந்தப் பாட்டைத்தான் கேட்டார். மறுக்க வாய் வரவில்லை, மேடையேறினாள். முதல் அடி, இரண்டாம் அடி பிசகாமல் வந்தன. ‘புதுசா வந்தவளோட’ என்று அர்த்தம் வரும் இடத்துக்கு வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. இசை தன்பாட்டுக்கு ஓடியது. வரி மறந்துவிட்டதென்று நினைத்து எல்லாரும் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். அவள் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி, நேராக வெளியே போனாள்.

மொரிதா ஷரோனை அழைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வாகனங்கள் நிற்கும் இடத்தில் அவளைக் கண்டார்கள். அவர் தாழ்ந்த குரலில் பேச, ஷரோன் தமிழில் சொன்னாள்.

“அவர் மலேசியா வந்த ரெண்டாவது வருஷம் அவர் மனைவி பிரிஞ்சு வேற ஒருத்தரோட போயிட்டாங்களாம். நீங்க அந்தப் பாட்டை அர்த்தம் தெரிஞ்சுதான் பாடுறீங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சிருந்தாராம். அவ்வளவு உருக்கமா இருக்குமாம்.”

“தெரிஞ்சிருந்தா ஒரு நாளும் பாடியிருக்க மாட்டேன்னு சொல்லு.”

ஷரோன் தயங்கிச் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

“இன்னொண்ணு கேளும்மா. புதுசா வந்தவளோட நல்லா இருங்கன்னு அவ பாடுறாளே, அது நெசமா?”

மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

“பொய்யாம் ஆண்ட்டி. அவரும் மனைவிகிட்ட அதையேதான் சொல்லி அனுப்பினாராம். சுத்தப் பொய்யாம்.”

தனலெட்சுமி அப்போதுதான் அழுதாள். வசந்தன் வந்து போன நாளில்கூட அவள் அழவில்லை. அவர் கொஞ்சம் தள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் ஓயும்வரை நின்றார்.

மறுமாதம் அவர் ஜப்பான் திரும்பினார். மறுவருஷம் விவாகரத்துக் காகிதத்தில் தனலெட்சுமி கையெழுத்துப் போட்டாள். வசந்தன் தன் கையெழுத்தை முன்பே போட்டு அனுப்பியிருந்தான். புது மேலாளர் விருந்தில் பாடச் சொல்லி ஆளனுப்பினார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் யாரும் கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு முதல்நாள் ஷர்மினி முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே, அப்பா வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். அவருக்கு முட்டி வலி, இப்போதெல்லாம் லோரி ஏற முடிவதில்லை என்றாள்.

“நீ போயி பாரு. வேணாங்கல. இங்க கூட்டிட்டு வராத.”

ஷர்மினி சரியென்றாள். மாவு கையில் ஒட்டியது. தனலெட்சுமி எழுந்து மாவில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.