சாமி இல்லாத சாமி ரூம்பு

மற்றவர்கள் மனசில் இருப்பதைக் கேட்டுக்கொள்ளும் வேலைக்கு வந்தவனை யாரும் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. புது வேலையில் சேர்ந்து, எல்லாரும் ஓரக்கண்ணால் பார்க்க, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அதன் தாளாளர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எதையோ பார்த்துவிட்டு வந்து, ஒரு காலி அறைக்கு 'ஆன்மிக வாழ்வு அலுவலகம்' என்று பலகை மாட்டிவிட்டார். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வந்து மனக்குறையைச் சொல்லலாம். கேட்டுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு அத்தாவின், அதாவது அப்பாவின், துணிக்கடையில் கஜக்கோலோடு நின்றிருந்த என்னை எடுத்தார்கள். என் பெயர் கரீம்.

செருப்பு

முதல் நாள் அறையைப் பெருக்க வந்த அஞ்சலை, துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு மண்பானை. சுவரில் சாமி படம் இல்லை, சிலுவை இல்லை, பிறை இல்லை. நாலு சுவரையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் எதையோ ஒளித்து வைத்திருப்பதாகவே அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

“எந்தச் சாமியும் இங்க இல்லம்மா. எல்லாருக்கும் பொதுவான ரூம்பு” என்றேன். அவர் முகம் இன்னும் இறுகியது.

“சாமி ரூம்புன்னாங்க, சாமியே காணுமே! அப்ப நான் செருப்ப வெளிய வுடணுமா வேணாமா, அதச் சொல்லுங்க சார்.”

மேசைக்கு அடியில்

ரொம்ப நாள் ஒரு மாணவனும் வரவில்லை. நான் வராண்டாவில் நடந்தால் பேச்சு நின்றுவிடும். கல்லூரி முதல்வருக்கு உளவு சொல்ல வந்தவன் என்று விடுதி முழுக்க என்னைப் பற்றி முடிவாகிவிட்டது என்பதை டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் ஒருத்தன் வந்தான். மூன்றாம் வருஷம் விலங்கியல். உட்காரவில்லை. பானையைத் தூக்கிப் பார்த்தான். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். இழுப்பறையைத் திறக்கலாமா என்று கேட்டான். திறந்தும் காட்டினேன். உள்ளே என் சாப்பாட்டுத் தூக்கும் ஒரு சீப்பும்தான் இருந்தன. அவனுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

“எல்லாம் சரி சார், டேப் ரிக்கார்டர எங்கதான் வச்சிருக்கீங்க?”

பெண் வீடு

காலேஜில்தான் இப்படி என்றால் ஊரிலும் அதே கதை. சேத்தியாத்தோப்பில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அத்தா காதில் யாரோ போட்டுவிட்டார்கள், மாப்பிள்ளை காலேஜில் பஜனை பாடுகிறார் என்று. பெண்சாதியோடு வந்து, எங்கள் வூட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

“வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போறீங்களா?”

“போறேன் மாமு.”

“அந்த ரூம்புல பசங்களுக்கு என்ன ஓதிக் குடுக்கிறீங்க?”

“ஒண்ணும் ஓத மாட்டேன். அவங்க பேசுவாங்க, நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

அவர் நம்பவில்லை. எங்கள் அத்தா கவலையோடு என்னைப் பார்த்தார். சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் அம்மா குரல் கொடுத்தார்.

“வாயத் தொறக்காம கேட்டுக்கிட்டு இருக்கிற மாப்புள வேற எங்கங்க கெடைப்பாரு, பேசாம முடிச்சிடுங்க.”

நரைத்த மாணவர்

ஒரு மத்தியானம் நரைத்த மீசையோடு ஒருவர் வந்து, தான் பி.யு.சி. மாணவர் என்றார். காலில் போலீஸ் பூட்ஸ். இங்கே என்ன கூட்டம் நடக்கிறது, யார் யார் வருகிறார்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டார். யாரும் வருவதில்லை என்ற உண்மையைச் சொன்னேன். அதையும் அவர் நம்பவில்லை.

நான் மேலே ஒன்றும் பேசாததால் அவரே பேச ஆரம்பித்தார். பெண்ணாடத்துக்கு மாற்றல் கேட்டும் கொடுக்காதது, பெண்சாதி கோபித்துக்கொண்டு தாய் வூட்டிலேயே இருப்பது என்று மூச்சு விடாமல் சொன்னார். நடுவில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். எழுந்தபோதுதான் தான் யார் என்பது ஞாபகம் வந்தது போல. தொண்டையைச் செருமினார்.

“நான் இங்க வந்தத நான் எழுதிக்கிறேன், நான் சொன்னத நீங்க எழுதிராதீங்க.”

விபூதி

செல்வராசு முதல் வருஷம். அவன் அப்பா ராமலிங்கத்துக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அந்தப் பையன் அடிக்கடி வந்து, இறந்துபோன தன் அம்மாவைப் பற்றிப் பேசுவான். சில நாள் பேசாமலே அழுதுவிட்டுப் போவான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் மகன் நெற்றியில் விபூதி வைப்பதை நிறுத்திவிட்டதை அப்பா பார்த்திருக்கிறார். துலுக்க வாத்தியார் ரூம்புக்குப் போகிறான் என்று அக்கம்பக்கத்தில் வேறு சொல்லியிருக்கிறார்கள். வேலை உடுப்போடு, முழங்கை வரை வெள்ளை மண் அப்பியிருக்க, நேரே முதல்வர் அறைக்கு வந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

“எம்புள்ளய மாத்திப்புட்டான் சார் இவன்!”

“பையன் என்ன பேசுறான்னு சொல்லிடுங்க கரீம்” என்றார் முதல்வர். “சொல்லலைன்னா உங்களை வேலையில வச்சிருக்க முடியாது.”

எனக்கு நிக்காவுக்குத் தேதி குறித்திருந்தார்கள். “அவனையே கேளுங்க சார், நான் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொன்னேன். ராமலிங்கம் என்னை அடிக்க ஓரடி வந்தார்.

செல்வராசுவை அழைத்து வந்தார்கள்.

“தெனம் காத்தால அம்மாதாம்பா பூசிவுடும். எனக்கு நானே பூசிக்க கை வரல. வூட்டுல அம்மா பேரெடுத்தா நீ எழுந்து வெளிய போயிடுற. அதான் சார்கிட்ட வந்து பேசுறேன்.”

ராமலிங்கம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதல்வர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் அப்பா எழுந்து மகனோடு வெளியே போக, நானும் பின்னாலேயே போனேன். வராண்டாவில் நான் பக்கத்தில் வந்ததும் ராமலிங்கம் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

“நானும் அப்பப்ப வரலாமுங்களா? பேச மாட்டேங்க, சும்மா செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிடுறேன்.”

அந்த அறையில் நான் இருந்த காலம் முழுக்க என்னைச் சந்தேகப்பட்டவர்கள்தான் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ‘உங்களை முழுசா நம்புறோம்’ என்று கல்லூரி விழா மேடையில் பேசிய பெரிய மனிதர்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.