தேன் படாத கண்ணாடி

இடது கைக் கட்டைவிரல் எண்ணும் கருவியை அழுத்திக்கொண்டே இருக்கிறது. டிக், டிக், டிக். வலது கை நுண்ணோக்கியின் திருகில். கண்ணாடிச் சில்லு மயிரிழை அளவு நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. ஒரு வரிசை முடிந்தால் சற்றே கீழிறங்கி, வந்த வழியே திரும்புகிறது. அவள் கண் இமைப்பதும் அந்தத் திருப்பத்தில்தான். முந்நூறு மகரந்த மணிகள் ஆனதும் கை நின்றுவிடும். முந்நூற்று ஒன்றாவது மணி பக்கத்திலேயே பளிச்சென்று உட்கார்ந்திருந்தாலும் தொட மாட்டாள். "முந்நூறுன்னா முந்நூறு. அதுக்கு மேல பாத்தா பேராசை" என்பாள்.

எண்ணி முடித்ததும் தும்மல் வரும். ஒன்றல்ல, மூன்று. முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு, எண்ணும் கருவியை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வாள். உடம்பு குலுங்கினாலும் எண் மாறிவிடக் கூடாது. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. தாவரவியல் துறையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவள் உட்பட. அங்கே அவள் பெயர் தும்மல்.

கடைசி வருடம். பட்டத்துக்கு முன் ஒரு ஆய்வேடு கொடுக்க வேண்டும். ஊரில் பதினான்கு இடங்களில் தேனீப் பெட்டிகள் இருக்கின்றன: ஒன்று திரையரங்கின் மொட்டை மாடியில், ஒன்று பள்ளிக்கூடத்தின் பின்கட்டில், ஒன்று குளத்தங்கரைப் பம்பு அறைக்குப் பின்னால். ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று முறை தேன் எடுத்து, அதில் கலந்திருக்கும் மகரந்தத்தை எண்ணினால் தேனீ எந்தெந்தப் பூவுக்குப் போய் வந்தது என்று தெரிந்துவிடும். மொத்தம் நாற்பத்திரண்டு சில்லுகள். வேறு யாராக இருந்தாலும் பத்தாவது சில்லிலேயே அலுத்துப் போயிருப்பார்கள். இவளுக்கு எண்ணுவது மூச்சு விடுவதுபோல. விடுதி வாசலிலிருந்து ஆய்வகம் வரை நானூற்றுப் பன்னிரண்டு அடி. வழிகாட்டிப் பேராசிரியை ஒரு மணி நேர வகுப்பில் அறுபத்து நான்கு தடவை 'அதாவது' சொல்கிறார். இதையெல்லாம் யாரும் அவளைக் கேட்கவில்லை.

எண்ணுவது தவிர இன்னொரு பழக்கம் உண்டு. நடந்து போகும் வழியில் கண்ணுக்குப் பட்டதைப் பறித்து வந்து மேசைமேல் வைத்துக்கொள்வாள். இந்த இரண்டு மாதமாக அது சம்பு. குளத்தோரத்தில் ஆளுயரம் வளரும் அந்தப் புல்லின் உச்சியில் மஞ்சள் தூள் கொட்டும் கதிர் நிற்கும். அதன் கீழே மெழுகுவத்திபோல் இன்னொன்று. பம்பு அறைப் பெட்டிக்குப் போகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு தண்டை ஒடித்து வந்து, சன்னலோரம், நுண்ணோக்கிக்குப் பக்கத்தில், தண்ணீர்ப் புட்டியில் நிற்க வைத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் சில்லுகளில் அந்த மணி தென்பட்டது. தனி மணி அல்ல. நான்கு மணிகள் தோளில் கைபோட்டு நிற்பதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. என்ன பூ என்று ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேண்டும். மேசைமேலேயே சம்பு இருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தாள். அச்சு அசல் அதே நான்கு. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். குளத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திரையரங்கு மாடித் தேனிலும் அதே நான்கு! சம்பில் தேனே கிடையாது. வெறும் மகரந்தத்துக்காக ஊரின் அத்தனை தேனீக்களும் குளத்துக்குப் பறந்து போய் வருகின்றனவா?

நான்காவது அத்தியாயம் அதுதான். வழிகாட்டி மேடம் படித்துவிட்டு அவள் முதுகில் தட்டினார். மேற்கொண்டு ஆய்வு செய்ய ஒரு இடத்துக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார். ஆய்வேடு கைக்கு வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவார். சொந்த ஊரில் அம்மா, பக்கத்து வீடு, மாடி வீடு, தபால்காரர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை: "எங்க பொண்ணு தேனீ எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சிட்டா!"

அந்த வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் முன்னால், திங்கட்கிழமை காலை, ஆய்வகத்தில் கண்ணாடி கழுவும் அக்கா மேசை துடைக்க வந்தார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் சோதனைக் குழாயைக் கழுவுகிறவர். வாய்தான் கொஞ்சம் காரம்.

"ஏம்மா தும்மல், ஒண்ணு கேக்கட்டுமா? போன வாரம் தோட்டத்துல நிக்கவச்சு உங்களை எல்லாம் போட்டோ எடுத்தாங்களே, அவ்வளவு பூவுக்கு நடுவுல ஒரு தும்மல் வரலியே உனக்கு. இங்க வந்து உக்காந்தாத்தான் மூக்கு திறக்குமோ?"

"ஃபேன் காத்துக்கா."

"ஃபேன் என் ரூம்லயும்தான் சுத்துது. அந்தக் கோரையத் தூக்கி வெளிய எறி. தினம் தினம் துடைக்கிறேன், துணியெல்லாம் மஞ்சளா வருது."

"கோரை இல்லக்கா, சம்பு" என்று திருத்திவிட்டு, சரிபார்க்க எடுத்த பழைய சில்லை அவள் திரும்ப எண்ணத் தொடங்கினாள். எண்பத்தெட்டில் கட்டைவிரல் நின்றது.

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கி அக்காவின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

நாற்பத்திரண்டு சில்லு செய்தவள், தேன் விடாமல் ஒரு சில்லுகூடச் செய்யவில்லை. செய்து பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பென்சிலால் அடிக்கோடும் போட்டிருந்தாள். தேனே இல்லாத கண்ணாடியில் என்ன இருக்கப்போகிறது, நேரம்தான் வீண் என்று விட்டுவிட்டாள். இப்போது ஒரு சுத்தமான கண்ணாடியை எடுத்தாள். வழக்கமான பசைத்துளி வைத்தாள். வழக்கம்போல் ஒரு மணி நேரம் மேசைமேல் திறந்து வைத்தாள். மூடி, 'தேன் இல்லை' என்று சீட்டு ஒட்டி, நுண்ணோக்கிக்குள் தள்ளினாள்.

முதல் வரிசையில் வெறும் வெளிச்சம். இரண்டாவது வரிசையில் தோளில் கைபோட்டபடி நால்வர். பக்கத்தில் இன்னும் நால்வர். அவள் சொல்லாமலே கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. கடைசி வரிசை முடிந்தபோது மொத்தம் முப்பத்தேழு. வேறு ஒரு பூவின் மணி ஒன்றுகூட இல்லை. கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி முதலிலிருந்து எண்ணினாள். முப்பத்தேழு. சரியாகத்தான் எண்ணியிருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

தண்ணீர் குடிக்கக் கையை நீட்டியவள் சம்பு நின்ற புட்டியை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டாள். கதிர் மூக்கில் இடித்தது. தும்மினாள். எத்தனை தும்மல் என்று எண்ணவில்லை. விடுதிக்குத் திரும்பும்போது எத்தனை அடி என்றும் தெரியவில்லை.

அறைத்தோழிக்கு அவசரம் என்று பெயர். எதையும் ஓடிக்கொண்டேதான் செய்வாள். பிரியாவிடை மலருக்கு ஆளுக்கு அரைப் பக்கம் வாங்கும் பொறுப்பு அவளுடையது. வாழ்க்கையைப் பற்றி நாலு வரி, பிடித்தவை மூன்று.

"உன் பக்கம் மட்டும்தான்டி பாக்கி... என்னடி ஆச்சு? மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. யாராவது போய்ட்டாங்களா?"

"நாலாவது அத்தியாயம் போயிடுச்சு."

கேட்டு முடித்த அவசரம் சிரித்தேவிட்டாள். "இவ்வளவுதானா? அந்த ஸ்லைடைக் குடு. இப்பவே சன்னல் வழியா எறியறேன். யாருடி பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

ஆனாலும் பையிலிருந்து அந்தச் சில்லை எடுத்துக்கொண்டு அவளே சன்னலுக்குப் போனாள். கையை வெளியே நீட்டினாள். கீழே சைக்கிள்கள் வரிசையாக நின்றன. வெகுநேரம் அப்படியே நின்றாள். ஏழு சைக்கிள். கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மேசைமேல், எழுதி வைத்துக் கொடுக்காமல் விட்ட அரைப் பக்கம் கிடந்தது. 'பிடித்தவை: எண்ணுவது. தனியாக நடப்பது. பூவைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது.' அதற்கு மேலே வாழ்க்கையைப் பற்றி: 'நான் கெட்டிக்காரி இல்லை. ஆனால் தப்பாக எண்ண மாட்டேன்.' நான்கு வருடமாக அவளிடம் இருந்த கர்வம் அது ஒன்றுதான். வகுப்பில் பளிச்சென்று பதில் சொல்கிறவர்களுக்கு நடுவே அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"மூணும் சேந்துதான்டி என்னைக் கவுத்திருக்கு" என்றாள்.

"அப்ப என்னன்னு போடட்டும்? பிடிச்சது, சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுன்னா?"

மாலையில் அம்மாவின் அழைப்பு வந்தது. அம்மாவுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பூ வச்சது ஒரு குத்தமா? ஊர்ல எல்லாரும்தான் வைக்கிறாங்க. இதுக்குப் போய் யாராவது திட்டுவாங்களா?"

"அம்மா, தேனீ அங்க போகவே இல்லம்மா."

"போகலியா! நான் அத்தனை பேர்கிட்டயும் போகுதுன்னு சொல்லி வச்சிருக்கேனே!" பிறகு குரல் தணிந்தது. "சரி விடு. இப்ப போறதில்லையாம்னு சொல்லிடறேன்."

மறுநாள் மேடத்தின் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். கோபம் வரும், சத்தம் வரும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தாள். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"யார் யார்கிட்ட சொன்ன?"

"ரூம்மேட், அம்மா."

"அப்ப யார்கிட்டயும் சொல்லலைன்னு வச்சுக்குவோம். அதாவது, மேசையில இருந்தா தேன்ல இருக்கக் கூடாதா? இல்லைன்னு நீ நிரூபிக்கலையே."

"இருக்குன்னும் நிரூபிக்கலையே மேடம்."

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமைம்மா. அந்த அத்தியாயம் இல்லாம நான் கடிதத்துல என்னன்னு எழுதறது? யோசிச்சுக்கோ."

அவ்வளவுதான். மேடத்தின் குரல் உயரவே இல்லை. முதல் வருடத்தில், 'கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க' என்று கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொன்ன அதே கை மேசைமேல் அசையாமல் கிடந்தது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கால் மணி நேரத்தில் மேடம் ஒரே ஒரு 'அதாவது'தான் சொல்லியிருந்தார்.

குளிர்பெட்டியில் பதினான்கு பெட்டிகளின் தேனிலும் மூடி திறக்காமல் ஒவ்வொரு குப்பி மீதம் இருந்தது. அவற்றைக் கூடையில் போட்டுக்கொண்டு நேரே கண்ணாடி கழுவும் அறைக்குப் போனாள். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது.

"அக்கா, எனக்கு மூணு நாள் இந்த மூலை வேணும். ஃபேன் போடக் கூடாது."

"புழுங்கிச் சாகறதுக்கா?" அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காரு. ஆனா என் கிளாஸ்ல கை வச்சே, ஒடிச்சிடுவேன். குளிச்சிட்டு வந்தியா?"

"குளிச்சிட்டேன்."

"அந்த மேசையிலேர்ந்துதானே வர? போய் மறுபடி குளி."

துவைத்த உடை, தலையில் இறுகக் கட்டிய ஈரத்துணி. ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் தேன் விடாத இன்னொரு சில்லு. செவ்வாய், புதன், வியாழன். டிக், டிக், டிக். தேன் விடாதவை எல்லாம் வெறும் வெளிச்சமாகவே இருந்தன. தேன் விட்டவற்றிலோ வேப்பம்பூ, புளியம்பூ, பெயர் தெரியாத களைச்செடிகள், எல்லாம் இருந்தன. நான்கு மணி மட்டும் இல்லை. திரையரங்கு மாடி, இல்லை. பள்ளிக்கூடம், இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் நான்காவது அத்தியாயத்தின் ஒரு பக்கம் கிழிவதுபோல் இருந்தது. அவள் திருகை நிறுத்தவில்லை.

வியாழன் மதியம் கடைசியாக மிஞ்சியது ஒன்பதாவது பெட்டி, பம்பு அறைக்குப் பின்னால் இருப்பது. ஐந்தாவது வரிசையில் நால்வர். விரல் அழுத்தவில்லை. பக்கத்துச் சில்லை எடுத்துப் பார்த்தாள், சுத்தம். திரும்பி வந்து ஒரு தடவை அழுத்தினாள். பதினோராம் வரிசையில் இன்னும் ஒன்று. முந்நூற்றில் இரண்டு. குளத்தில் கால் நனைக்கிற தூரத்தில் இருக்கும் பெட்டித் தேனீக்கள் எப்போதாவது சம்புக்குப் போயிருக்கின்றன. ஊர் அறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லாத செய்தி. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"அழறதுன்னா வெளிய போய் அழு, கண்ணாடில விழப்போகுது" என்றார் அக்கா. பிறகு, "மூணு நாளா ஒரு தும்மல் இல்ல. பேரை மாத்தணும் போலிருக்கே" என்றார்.

அன்று மாலை அவசரத்திடம் அரைப் பக்கத்தைக் கொடுத்தாள். தப்பாக எண்ண மாட்டேன் என்ற வரியை அடித்திருந்தாள். பிடித்தவை மூன்றும் அப்படியே இருந்தன. நான்காவதாக ஒன்று சேர்ந்திருந்தது: மேசை துடைப்பது.

"மூணுதான்டி கேட்டிருக்காங்க!"

"நாலாவே போடு."

வெள்ளிக்கிழமை காலை மேடத்தின் அறைக்கு வெளியே வரிசை நின்றது. எல்லார் கையிலும் பொன்னெழுத்து அட்டை. ஒவ்வொருவரும் மூடிய ஆய்வேட்டை அட்டை தெரியும்படி நீட்டினார்கள். மேடம் வாங்கி, திறக்காமலே அடுக்கில் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். மேசை ஓரத்துக் குவளையில் சம்புத் தண்டு ஒன்று பழுப்பேறி நின்றது. ஒரு சனிக்கிழமை இவளே கொண்டுவந்து கொடுத்தது. அதன் பக்கத்தில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் சிபாரிசுக் கடிதம், இன்னும் கையெழுத்தாகாமல்.

இவள் முறை வந்தது. மேடம் கையை நீட்டினார்.

அவள் ஆய்வேட்டை மூடிக் கொடுக்கவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து புதிதாக எழுதிச் சேர்த்த அறுபத்தோராம் பக்கத்தில் விரித்து, எழுத்துகள் மேடத்துக்கு நேராக இருக்கும்படி திருப்பி, இரண்டு கைகளாலும் நீட்டினாள். பக்கத்தின் தலையில் 'என் மேசையிலிருந்து வந்த மகரந்தம்' என்று இருந்தது. கீழே அட்டவணையில் பதினான்கு வரிசைகள். பதின்மூன்றில் பூஜ்யம். ஒன்பதாவது வரிசையில் இரண்டு. அந்த இரண்டுக்குப் பக்கத்தில் இடது கைக் கட்டைவிரல் அழுந்தியிருந்தது. மேடம் மேலிருந்து கீழே ஒருமுறை படித்து, மறுபடி மேலே போய்ப் படித்து, இரண்டு கைகளாலும் ஆய்வேட்டைப் பிடிக்கும்வரை அந்த விரல் அங்கிருந்து நகரவில்லை.